ஏழரையின் ஆறுதல்

வேலை போனவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், மணமுறிவில் தவிப்பவர் எனப் பலரும் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோதிடரிடம் போகிறார்கள். எதிர்காலம் கேட்கப் போவதாகச் சொன்னாலும், அவர்கள் மனதை அரிப்பவை இரண்டு கேள்விகள்: எனக்கு மட்டும் ஏன் இப்படி? இது எப்போது தீரும்?

"ஏழரைச் சனி நடக்குதும்மா" என்று ஜோதிடர் சொல்லும்போது இரண்டுக்கும் ஒரு பதில் கிடைக்கிறது. சனி ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள். ஜென்ம ராசி, அதற்கு முந்தையது, அடுத்தது என மூன்றையும் கடந்தால் ஏழரை. முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் என்பதால், நிறைந்த ஆயுள் உள்ள எவருக்கும் இது இரண்டு மூன்று முறை வந்தே தீரும். நல்லவர், கெட்டவர் என்ற கணக்கு இதில் கிடையாது.

கிரகங்கள் நம் வாழ்வை நடத்துகின்றன என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. நான் அதை நம்புவதும் இல்லை. ஆனாலும் உடைந்துபோன ஒருவரிடம், "இது எல்லாருக்கும் வருவது, இதற்கு முடிவும் உண்டு" என்று சொல்வது பெரிய ஆறுதல் என்பதை மறுக்க மாட்டேன்.

காரைக்கால் அருகே திருநள்ளாற்றில் நளன் சனி தோஷம் நீங்கப் பெற்றதாகத் தலபுராணம் சொல்கிறது. அவனை நினைத்துத்தான் மக்கள் நளதீர்த்தத்தில் மூழ்கி எழுகிறார்கள். மகாபாரதத்தில், வனவாசத்தில் இருக்கும் தருமர், தன்னைவிடத் துயரப்பட்டவர் உண்டா என்று கேட்க, பிருகதசுவ முனிவர் நளன் கதையைத்தான் சொல்கிறார். நாட்டை இழந்தவன், மனைவியைக் காட்டில் விட்டுப் பிரிந்தவன், உருவமே மாறியவன் மீண்டும் எழுந்த கதை. இன்னொருவர் பட்ட பாட்டைக் கேட்கும்போது நம் துயரத்தின் தனிமை கரைகிறது.

சனிக்கான பரிகாரங்களிலும் இந்தக் கனிவு உண்டு. எள் விளக்கேற்றுவது, காக்கைக்குச் சோறு வைப்பது ஆகியவற்றோடு, மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் உதவச் சொல்கிறார்கள். புராணத்தில் சனியே கால் ஊனமுற்றவர்தான். தன் வலியிலேயே மூழ்கிக் கிடப்பவரை எழுப்பி, இன்னொருவர் பசியைப் பார்க்க வைக்கும் பரிகாரம் அவரையும் கொஞ்சம் குணப்படுத்தும் என்று நம்புகிறேன்.

ஆனால் காயத்தை ஆற்ற வந்த அதே சாத்திரம் காயப்படுத்தியும் இருக்கிறது. மூல நட்சத்திரத்தில் பிறந்தவள் மாமனாருக்கு ஆகாதவள் என்றும், செவ்வாய் தோஷம் உள்ளவள் கணவனுக்கு ஆபத்து என்றும் முத்திரை குத்தப்பட்ட பெண்கள் எத்தனை பேர்! ஏழரைச் சனியில் பழி காலத்தின் மேல் விழுகிறது. இங்கோ ஒரு நேரத்தில் பிறந்ததைத் தவிர வேறெதுவும் செய்யாத பெண்ணின் தலையில் விழுகிறது. ஏழரை தீரும், இந்த முத்திரை தீருவதில்லை. திருமணம் தள்ளிப்போகும் ஒவ்வொரு ஆண்டும் அவள் அந்தச் சொல்லைச் சுமக்கிறாள்.

ஆகவே ஒரு ஜோதிட வாக்கு பலிக்குமா என்பதைவிட, அது யாரைத் தாங்குகிறது, யாரைத் தள்ளுகிறது என்றே பார்க்க வேண்டும். கலங்கி வந்தவருக்குத் தெம்பு தரும் சொல்லை ஏற்கலாம். ஒரு பெண்ணையோ பச்சைக் குழந்தையையோ குடும்பத்தின் துன்பத்துக்குக் காரணமாக்கும் சொல்லை, எவ்வளவு பெரிய ஜோதிடர் சொன்னாலும், பெற்றவர்கள் அங்கேயே மறுத்துவிட்டு எழுந்து வர வேண்டும்.