ஆறுதலாக இரண்டு நாள்



வெளிநாடு போய் வந்தவரிடம் "என்னென்ன பார்த்தீர்கள்?" என்று கேட்கிறோம். பிறகு "யார் யாரைக் கண்டீர்கள்?" என்று கேட்கிறோம். "யாருடைய நேரத்தில் கண்டீர்கள்?" என்று கேட்பாரில்லை. அதை என்னிடம் நானே கேட்க நேர்ந்தமையால் இதனை எழுதுகிறேன்.

2025 ஒக்டோபரில் ஜேர்மனியில் ஒரு கூட்டம் முடிந்து திரும்பும் வழியில், வெள்ளி மாலை தொடக்கம் ஞாயிறு மாலை வரை பாரிசில் நின்றேன். சின்னம்மாவின் மகன், எனக்குத் தம்பி முறையானவன், நகரின் வடக்கே லாக்கூர்நெவ்வில் மனைவி பிள்ளைகளுடன் வசிக்கிறான். எனக்கு அங்கே ஓர் அலுவலும் இல்லை. ஆறுதலாக நகரைப் பார்ப்பது, சொந்தக்காரரையும் பள்ளித் தோழரையும் காண்பது, அவ்வளவே எண்ணம். "ஆறுதல்" என்ற சொல்லுக்கு எங்களிடையே இரண்டு பொருள் உண்டென்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை, 2019 ஏப்ரலில் எரிந்து 2024 டிசெம்பரில் மீளத் திறக்கப்பட்ட நொத்ர டாம் பேராலயத்தின் முன் நெடுநேரம் வரிசையில் நின்றோம். உள்ளே கற்சுவர்கள் புதிதாய் வெளுத்திருந்தன. நான் மேலே பார்த்தபடி நடந்தேன். தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தான். மதியம் லாச்சப்பல். கார் து நோர் புகையிரத நிலையத்துக்கு அண்மையிலுள்ள அந்தத் தெருவில் மரக்கறி, நகை, புடைவை என்று கடைக்குக் கடை தமிழ்ப் பெயர்ப்பலகை. அதன்பின் இரவு வரை நான்கு வீடுகள்.

நான்கு வீட்டிலும் மேசை நிறைந்திருந்தது. நான்கிலும் "உடனே போகவேண்டும்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். இதற்கு நம்மவர் வைத்திருக்கும் பெயர் தலைகாட்டுதல். பொருத்தமான பெயர்தான், தலையைத் தவிர வேறொன்றையும் நான் அங்கு கொண்டுபோகவில்லை.

பிள்ளைகளின் அறையை எனக்கு விட்டிருந்தார்கள். நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது இரு பிள்ளைகளும் ஹோலில் நிலத்தில் படுத்திருக்கக் கண்டேன். குசினியில் தம்பியின் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாக அவர் வாய்தவறிச் சொன்னார்: "இண்டைக்கு லீவு எடுத்ததுக்கு இவர் வாற ரெண்டு கிழமையும் ஓய்வு நாளிலை வேலைக்குப் போகவேணும் பாதர். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவர்." தம்பி ஓர் உணவகத்துச் சமையலறையில் வேலை செய்கிறான். சனிக்கிழமை அங்கே வேலை மிகுந்த நாள்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. என் ஆறுதல் முழுவதும் இன்னொருவனுடைய களைப்பிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டதென்று தோன்றியது. அப்படியாயின் விருந்தினனுக்கு ஏதும் கடமை உண்டா? வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஒன்பதாம் அதிகாரத்தைத் தந்தார். பத்துக் குறளும் வீட்டாரை நோக்கியே பேசுகின்றன. வருகிறவனுக்கு ஒரு கட்டளையும் அங்கில்லை. ஜேர்மன் தத்துவஞானி கான்ற் 1795இல் நிரந்தர சமாதானம் பற்றி எழுதியபோது, பிறநாட்டான் பகையின்றி ஏற்கப்பட உரிமையுண்டு, ஆனால் ஒருவர் வீட்டு விருந்தினனாய் இருப்பது அந்த உரிமைக்குள் அடங்காது, அதற்குத் தனி இணக்கம் வேண்டும் என்று பிரித்துக் காட்டினார். (தம் ஊரை விட்டுத் தூரப் போகாத மனிதர் பயணிகளின் உரிமையை இத்தனை நுட்பமாய் ஆராய்ந்தது வியப்பே.) எல்லாரிலும் கண்டிப்பானது "திதாக்கே" எனப்படும் பன்னிரு அப்போஸ்தலரின் போதனை. 1873இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கண்டெடுக்கப்பட்ட அந்தப் பழைய நூல், ஊரூராய் வரும் போதகர் ஒருநாள் தங்கலாம், தேவையெனில் இரண்டாம் நாளும் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலி என்கிறது. நான் மயிரிழையில் தப்பியிருந்தேன்.

இவற்றையெல்லாம் வைத்து ஒரு தீர்ப்பு எழுதினேன். விருந்தினன் சுமை, ஆகையால் அடுத்தமுறை விடுதியில் அறை எடுப்பதே நீதி. நேர்மையான தீர்ப்பென்று நினைத்துக்கொண்டு விடியற்காலையில் கண்ணயர்ந்தேன்.

ஞாயிறு திருப்பலிக்குப் பின், ஈபிள் கோபுரம் வேண்டாம், வீட்டிலேயே இருப்போம் என்றேன். அவனுக்கு ஓய்வு கொடுப்பதாக எண்ணம். தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் தம்பி கேட்டான்: "அண்ணை, அம்மா கடைசிக் கிழமை என்ன கதைச்சவ?"

2014இல் சின்னம்மா காலமானபோது அடக்கத் திருப்பலியை நானே ஒப்புக்கொடுத்தேன். அவனுடைய அகதி விண்ணப்பம் அப்போது முடிவாகவில்லை. புறப்பட்டால் திரும்பிவர வழியில்லை. வீடியோ அனுப்பியிருந்தார்கள். அதை இன்றுவரை முழுதாய்ப் பார்க்கவில்லை என்றான். தன் பெயரை அம்மா சொன்னாவா, பெட்டியை ஆர் ஆர் தூக்கினது, மழை பெய்ததா. "இதுகளைக் கேக்கத்தான் நேற்று லீவு எடுத்தனான். நேற்று இடம் கிடைக்கேல்லை."

வாசகரே, என் கணக்கு பிழைத்த இடம் இதுதான். அவனுடைய சனிக்கிழமையை எனக்காகச் செய்த செலவாக எழுதியிருந்தேன். அவனோ இரண்டு ஓய்வு நாட்களை விலையாய்க் கொடுத்து அந்நாளைத் தனக்கென வாங்கியிருந்தான். அதை நான் ஒரு பேராலயத்துக்கும் நான்கு வீட்டுக்கும் பங்கிட்டுவிட்டேன். விடுதியில் தங்கியிருந்தால் பிள்ளைகள் தம் கட்டிலில் படுத்திருப்பார்கள். அந்தக் கேள்விகளும் அவனிடமே கிடந்திருக்கும். வீட்டாருக்குச் செலவு வைக்காதவனே நல்ல விருந்தினன் என்பது கடைக்காரரின் நீதி. வந்தவனிடம் மட்டுமே கேட்கக்கூடிய ஒன்று அந்த வீட்டில் இருக்கலாம். அது கேட்கப்படும்வரை இருந்துகொடுப்பதும் அவனுடைய கடன் அல்லவா? மற்ற நான்கு வீடுகளில் யார் எதைக் கேட்கக் காத்திருந்தார்களோ, நான் அறியேன்.

சின்னம்மா முருங்கைக்காய்க் கறி கேட்டதையும் இரண்டு வாய் மட்டும் சாப்பிட்டதையும் சொன்னேன். அவன் பெயரைச் சொன்னதையும் சொன்னேன். மழை பெய்யவில்லை. விமான நிலையத்துக்குப் போகும் ரயிலில், பெட்டியைத் தூக்கியவர்களின் பெயர்களை அவன் ஒவ்வொன்றாய்த் திரும்பச் சொல்லிப் பார்த்தான். ஒன்றை நான் திருத்தினேன்.