1906 என்று பொறித்த கல்

வீட்டை மாற்றிக் கட்டியவர்களைக் கட்டடக்கலை வரலாறு பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. முதலில் கட்டியவரின் பெயர் கிடைத்தால் பதிவாகும். பிறகு அறையைத் தடுத்தவர், சன்னலைப் பெரிதாக்கியவர், அடுப்படியை இடம் மாற்றியவர் எல்லாரும் ‘பிற்சேர்க்கை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போவார்கள். பெண்கள் வீட்டில் கைவைத்த இடமெல்லாம் பெரும்பாலும் அந்தச் சொல்லுக்குள்தான் கிடக்கிறது. ஹில் டாப் என்ற பண்ணை வீட்டின் மேல் எனக்குள்ள ஈர்ப்புக்கு இதுவே காரணம். அங்கே பிற்சேர்க்கைக்குப் பெயரும் ஆண்டும் உண்டு.

இங்கிலாந்தின் வடமேற்கே, லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில், நியர் சாரி என்ற சிற்றூரில் அது இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம். கல் சுவர், அதன்மேல் சொரசொரப்பான சாம்பல் நிறப் பூச்சு, சிலேட்டுக் கூரை. பண்ணை வீட்டுக்குக் கொஞ்சம் அதிகமென்றே சொல்லத்தக்க அழகான மரப்படிக்கட்டு. 1905இல் 34 ஏக்கர் நிலத்தோடு அதை வாங்கியவர் பியாட்ரிக்ஸ் பாட்டர், பீட்டர் முயலின் கதையை எழுதியவர். அப்போது வயது 39, மணமாகாதவர். புத்தகங்களிலிருந்து வந்த பணமும் அத்தை ஒருவர் விட்டுச்சென்ற சிறு தொகையும் கையில் இருந்தன. அவர் மணக்கவிருந்த நார்மன் வார்ன் அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் நோயுற்று இறந்திருந்தார். வார்ன் குடும்பம் புத்தகம் பதிப்பித்து விற்பது. வியாபாரிகள் வீட்டில் சம்பந்தமா என்று பாட்டரின் பெற்றோர் முகம் சுளித்திருந்தார்கள்.

வீட்டில் ஏற்கெனவே ஆள் இருந்தது. ஜான் கேனன் என்ற குடியானவர், மனைவி, இரண்டு குழந்தைகள். நிலத்தைப் பார்த்துக்கொள்ள அவர்கள் வேண்டும். தனக்கு ஓர் இடமும் வேண்டும். பணமுள்ளவர்கள் இந்நிலையில் பழைய பகுதியை உழைப்பவர்களுக்கு விட்டுவிட்டுப் புதிதாகத் தமக்குக் கட்டிக்கொள்வார்கள். பாட்டர் தலைகீழாகச் செய்தார். கேனன் குடும்பத்துக்குப் பக்கவாட்டில் புதிய பகுதியைச் சேர்த்துக் கட்டி, பழைய வீட்டைத் தனக்கு வைத்துக்கொண்டார். புதிய சுவரில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் 1906 என்ற ஆண்டையும் பொறித்த கல்லைப் பதித்தார். எலித்தொல்லை தாங்காமல் பொந்துகளை சிமெண்டால் அடைத்ததும் உண்டு. அந்த எலிகள் 1908இல் சாமுவேல் விஸ்கர்ஸ் கதையாக வந்துவிட்டன. அதன் படங்களில் இதே வீட்டின் மாடிப்படி இருக்கிறது.

இவ்வளவும் செய்தவர் அங்கே குடியேறவில்லை. மாணவிகளிடம் இதைச் சொன்னால் முதல் கேள்வி, “ஏன் மேடம், சொந்த வீடுதானே?” என்பதுதான். மணமாகாத மகளின் இடம் லண்டனில், வயதான பெற்றோர் பக்கத்தில். கிடைத்த சில நாள்களில் வந்து போனார். பெண் எழுதுவதற்குப் பணமும் தனி அறையும் வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதினார். பாட்டரிடம் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்பே இரண்டும் இருந்தன. நாள்கள் மட்டும் அவருடையவையாக இல்லை. வுல்ஃபின் கணக்கில் இது விடுபட்டதாகவே எனக்குப் படுகிறது.

1913இல், 47 வயதில், உள்ளூர் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை மணந்தார். இதற்கும் பெற்றோர் எதிர்ப்புதான். மணமானபின் தம்பதி குடியேறியது ஹில் டாப்பில் அல்ல, அதே ஊரில் அவர் 1909இல் வாங்கியிருந்த காசில் காட்டேஜில். மனைவியாக வாழ ஒரு வீடு; எழுதவும் வரையவும் பழைய மரச்சாமான்களைச் சேர்த்துவைக்கவும் இன்னொன்று. முப்பது ஆண்டுகள் அப்படியே போயின. தமிழில் ‘இல்லாள்’ என்றால் வீட்டுக்குரியவள், ‘இல்லான்’ என்றால் ஒன்றுமற்றவன். சொல்லளவில் வீட்டை நமக்கே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்! அந்தச் சொல்லால் அழைக்கப்படாத வீடொன்றை மணவாழ்க்கை முழுதும் தனியே வைத்திருந்ததுதான் பாட்டர் செய்த பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன். அது எந்த வரைபடத்திலும் தெரியாது.

1943 டிசம்பரில் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தையும் 14 பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்டுக்கு விட்டுச்சென்றார். ஹில் டாப் அறைகள் தான் வைத்தபடியே இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. 1946இலிருந்து மக்கள் வந்து பார்க்கிறார்கள். இங்கேதான் கேள்வி எழுகிறது. பழைய வீட்டைத் தன் தேவைக்கு மாற்றியவர், தனக்குப்பின் யாரும் மாற்றக்கூடாது என்று சொல்வது நியாயமா? ஓர் ஆண் நிலக்கிழார் சொல்லியிருந்தால் அதிகாரத் திமிர் என்று நானே எழுதியிருப்பேன். ஆனால் ஒரு பெண் இறந்தால் வீட்டில் முதலில் காலிசெய்யப்படுவது அவளுடைய அலமாரி. கடிதங்கள் எரியும், பெட்டிகள் பரணுக்குப் போகும். அதை அறிந்தவர், பொருள்கள் கலையக்கூடாதென்று முன்கூட்டியே எழுதிவைத்தார். அதனால் அவர் பக்கமே சாய்கிறேன்.

முழுதாகச் சாய முடியவில்லை. காரணம் திருமதி கேனன். பார்வையாளர்கள் வரிசையில் நின்று காண்பது பாட்டரின் அறைகளை. 1906இல் சேர்த்த பகுதியில் சமைத்து, குழந்தை வளர்த்து, கோழியும் வாத்தும் பார்த்த பெண்ணின் அடுப்படி எப்படி இருந்தது என்று யாரும் உத்தரவு எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்க அது அவளுடைய வீடும் இல்லை. ஜெமிமா என்ற வாத்தின் கதையில் மட்டும் அவள் வருகிறாள், படமாக. வாத்தைத் தன் முட்டைகளைத் தானே அடைகாக்க விடாமல், எடுத்துக் கோழிக்கு வைக்கும் குடியானவரின் மனைவி. கதை அவள் குழந்தைகள் இருவருக்கும் பெயர் சொல்லி அர்ப்பணிக்கப்பட்டிருக்கிறது. கதைக்குள் அவளுக்குப் பெயர் இல்லை. அவள் வாழ்ந்த பகுதியின் சுவரில் இருக்கும் கல்லிலும் பாட்டரின் எழுத்துகள்தான்.