நோயும் ஊழும்: லூசி வில்ஸின் ஆய்வை முன்வைத்து

மனிதருக்கு வரும் நோய் முன்வினையின் பயனா, தேடினால் பிடிபடும் காரணத்தின் விளைவா என்ற கேள்வியைச் சைவம், பௌத்தம், சமணம் ஆகிய மூன்றும் வெவ்வேறு விதமாக எதிர்கொண்டன. கர்ப்பிணிகளின் குருதிச்சோகை அந்தக் கேள்விக்கு நல்ல உரைகல். பிள்ளை சுமக்கும் பெண் வெளிறி, வீங்கி, மூச்சு வாங்கி, பிரசவத்துக்கு முன்போ பின்போ இறந்துபோவதை நம் ஊர்களில் நெடுங்காலம் விதி என்றே சொன்னார்கள். அந்த மரணங்களில் ஒரு பகுதிக்கு உணவில் உள்ள ஒரு குறையே காரணம் என்று காட்டியவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர். இன்று இலங்கை மலைநாட்டின் நாவலப்பிட்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணித்தாய் இரும்புச்சத்து மாத்திரையோடு வாங்கி வரும் போலிக் அமிலம் அவர் தொடக்கிவைத்த தேடலில் கிடைத்தது.

லூசி வில்ஸ் 1888 மே 10-ஆம் திகதி பர்மிங்ஹாமுக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் புவியியலும் படித்து 1911-ல் தேர்வை முடித்தார். ஆனாலும் பட்டம் கிடைக்கவில்லை. பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்க கேம்பிரிட்ஜ் 1948 வரை காத்திருந்தது. அதே 1911-ல் தந்தை இறந்தார். 1913-ல் அக்காவும் போய்விட்டார். அந்த ஆண்டு தாயும் மகளுமாக இலங்கைக்கு வந்து உறவினர், நண்பர் வீடுகளில் தங்கினார்கள். நாவலப்பிட்டிக்கு ரயில் வந்து அப்போது நாற்பது ஆண்டுகள் நெருங்கிக்கொண்டிருந்தன. மலைநாடு முழுவதும் தேயிலை பரவியிருந்தது. அடுத்த ஆண்டு அவர் தென்னாபிரிக்காவில் இருந்தபோது போர் மூண்டது. கேப்டவுனில் சில வாரங்கள் தொண்டர் தாதியாக வேலை செய்த பின், 1915-ல் லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1920-ல் மருத்துவரானபோது அவருக்கு வயது 32. தனியார் வைத்தியம் பார்க்காமல் ரோயல் ஃப்ரீ மருத்துவமனையில் கர்ப்பகால நோயியல் ஆய்வில் நிலைத்துவிட்டார்.

1928-ல் டாக்டர் மார்கரெட் பால்ஃபர் அழைத்ததன் பேரில் வில்ஸ் பம்பாய்க்கு வந்தார். இந்திய ஆய்வு நிதிச் சங்கம் தாய்மார் மரணங்களைப் பற்றி நடத்திய விசாரணையின் ஒரு பகுதியாக, ஹாஃப்கின் நிறுவனத்தில் அவருடைய வேலை அமைந்தது. ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளிடம் ஒருவகைக் குருதிச்சோகை கடுமையாகக் காணப்பட்டது. சாதாரண இரும்புச்சத்துக் குறைவில் செங்குழியங்கள் சிறுத்து வெளிறியிருக்கும். இங்கோ அவை வழக்கத்தைவிடப் பெருத்து, எண்ணிக்கையில் குறைந்திருந்தன. முதலில் தொற்றுநோயாக இருக்குமோ என்று மலத்தைப் பரிசோதித்தார்; எதுவும் துலங்கவில்லை. அதன் பிறகு அவர் செய்த காரியம்தான் முக்கியமானது. அந்தப் பெண்கள் எங்கே வசிக்கிறார்கள், என்ன சமைக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார். நோய் மிகுதியாக இருந்தது ஏழை முஸ்லிம் பெண்களிடம். அவர்களுடைய உணவில் காய்கறி, பழம், புரதம் எல்லாமே குறைவு.

அதே உணவை ஆய்வுகூடத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் சோகை பிடித்தது. சினை எலிகள் ஈனுமுன்பே இறந்தன. உணவில் ஈஸ்ட் சேர்த்தபோது நோய் தடுக்கப்பட்டது. ஆனால் எலிகளில் பேன் வழியாகப் பரவிய தொற்று முடிவுகளைக் கலக்கியிருக்கலாம் என்று பிறகு தெரியவந்தது. வில்ஸ் அதை மூடி மறைக்காமல் குரங்குகளில் சோதனையைத் திரும்பவும் செய்தார். குரங்குகளும் தேறின. அவற்றுக்குக் கொடுத்தது மாமைட்: பியர் வடிசாலையில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் அந்தக் கறுத்த களி, நம் வீடுகளில் காய்ச்சல்காரருக்கு வெந்நீரில் கரைத்துத் தேசிக்காய் பிழிந்து கொடுப்பதுதான். அதே மாமைட்டைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தபோது சில நாட்களிலேயே அவர்களுக்குப் பசி எடுத்தது, குருதி ஊறியது. 1931-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. அக்காலத்தில் சோகைக்கு ஈரல்தான் மருந்து. அது விலை கூடியது. மரக்கறி உண்பவர் தொடமாட்டார். மாமைட்டுக்கு அந்த இரண்டு தடையும் இல்லை.

சுத்திகரித்த ஈரல் சாறு இந்தச் சோகைக்குப் பயன்படவில்லை, சுத்திகரிக்காத ஈரலும் ஈஸ்ட்டும் பயன்பட்டன என்பதை அவர் கவனித்தார். ஆகவே இது அதுவரை அறியப்படாத ஒரு சத்து என்று முடிவு செய்தார். அது என்ன என்று அவருக்குத் தெரியாது. பெயர் இல்லாததால் பல ஆண்டுகள் அது 'வில்ஸ் காரணி' என்றே வழங்கியது. 1941-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதைப் பசளிக்கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள்; அதுதான் போலிக் அமிலம். 1945-ல் லெடர்லி ஆய்வுகூடத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் அது செயற்கையாக உருவாக்கப்பட்டது. சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். போலிக் அமிலத்தால் குணம் காணும் ஸ்ப்ரூ நோய்க்குத் தம் சகோதரரைப் பறிகொடுத்தவர். என்புமச்சையில் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் மரபுப்பொருள் படியெடுக்கப்பட வேண்டும்; அதற்குப் போலேற்று, அதாவது உணவில் உள்ள போலிக் அமில வகைச் சத்து, வேண்டும். அது இல்லாவிட்டால் உயிரணு பருக்கிறதே தவிரப் பிரிவதில்லை. பம்பாயில் வில்ஸ் கண்ட பெருத்த செங்குழியங்களின் இரகசியம் இவ்வளவுதான்.

இந்த ஆய்வு ஊழைப் பொய்யாக்குகிறதா? எல்லாம் நியதிப்படி நடக்கிறது, முயற்சியால் ஆவது எதுவுமில்லை என்று சொன்னவர்கள் ஆசீவகர். மணிமேகலையும் நீலகேசியும் அவர்களுடைய வாதத்தை எடுத்துரைக்கின்றன. சமண நூலான நீலகேசி அதை மறுக்கவும் செய்கிறது. பௌத்தத்தின் நிலை இன்னும் கூர்மையானது. சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற பரிவிராசகத் துறவி புத்தரிடம் இதையே கேட்கிறார்: மனிதர் அனுபவிக்கும் இன்பதுன்பம் எல்லாம் முன்வினையால் வந்ததா? பித்தம், சிலேற்பனம், வாயு, இம்மூன்றின் கூட்டு, பருவமாற்றம், ஒழுங்கற்ற பழக்கம், பிறர் செய்த தாக்குதல், வினை என்று எட்டுக் காரணங்களைப் புத்தர் சொல்கிறார். எல்லாவற்றையும் வினையின் தலையில் போடுபவர்கள் தாமே கண்டறியக்கூடியதையும் உலகம் உண்மையென்று அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது அவர் தரும் விடை. பௌத்தம் வேரூன்றிய கண்டி மாவட்டத்தில் வினையைப் பற்றி யார் பேசினாலும் இந்தச் சூத்திரத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. திருக்குறளும் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்துவிட்டு, மருந்து என்ற அதிகாரத்தில் நோய்க்குக் காரணம் தேடச் சொல்கிறது. அங்கே பேச்சு பெரும்பாலும் உணவும் அளவும்தான்.

சைவ சித்தாந்தம் வினையை விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் வினை சடம், தானாக இயங்காது என்று அது சொல்கிறது. காரியம் ஒன்று நடக்க முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் மூன்றும் வேண்டும். குடத்துக்கு மண், திரிகை, குயவன் என்பது சித்தாந்த நூல்களின் பழைய எடுத்துக்காட்டு. வில்ஸின் ஆய்வை இந்த மூன்றிலும் வைத்துப் பார்த்தால் அதன் அளவும் எல்லையும் தெளிவாகின்றன. போலேற்றுக் குறைவு முதற்காரணம். வறுமையும், கீரை வாங்கக் காசில்லாத அடுப்பும், அடுத்தடுத்த பிரசவமும் துணைக்காரணங்கள். அந்த வறுமையை வைத்திருப்பவர், அதாவது கூலியைத் தீர்மானிப்பவரும் சட்டம் செய்பவரும், நிமித்தகாரணம். வில்ஸ் முதலாவதை ஆய்வுகூடத்தில் கண்டார். இரண்டாவதைப் பெண்களின் வீட்டுநிலையில் கண்டார். மூன்றாவது நுணுக்குக்காட்டியில் தெரிவதில்லை. ஓய்வு பெற்றபின் கடைசிப் பத்தாண்டில் அவர் செல்சியில் தொழிற்கட்சி உறுப்பினராக நகரசபையில் இருந்தார் என்பதையும் இங்கே சேர்த்துக் கருதவேண்டும்.

தேயிலைத் தோட்டங்களில் மூன்று காரணங்களையும் நேரில் காணலாம். தோட்ட மக்களின் சோகைக்குக் கொக்கிப்புழு ஒரு காரணம் என்று கண்டு ராக்ஃபெல்லர் நிறுவனம் 1916-ல் இலங்கையில் ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. அது இரும்புச்சத்தைக் குடிக்கும் சோகை, வில்ஸ் கண்டதிலிருந்து வேறானது; ஆனால் ஒரே உடம்பில் இரண்டும் சேர்ந்து வரலாம். விடிய எழுந்து, கோதுமை மா ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய், பிள்ளைமடுவத்தில் கைக்குழந்தையை விட்டுவிட்டு மலையேறும் பெண்ணின் சாப்பாட்டில் போலேற்றும் இரும்பும் எங்கிருந்து வரும்? சாப்பிட்ட கையோடு குடிக்கும் சாயத்தண்ணீர் கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது. பச்சையாக அரைக்கும் வல்லாரைச் சம்பலில் போலேற்று உண்டு, கீரையை நெடுநேரம் வேகவைத்தால் அது அழியும் என்ற அறிவுரை சரியானது. அதைக் கேட்பவளுக்குக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து சமைக்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதும் காரணத்தில் சேரும். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை பல ஆண்டுகள் இழுபட்டு 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் ஏறியது.

இலங்கையில் மாமைட்டுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது, காலனிய ஆட்சியை எதிர்த்த சூரியமல் இயக்கத்தினர், காய்ச்சலைவிடப் பட்டினியே ஆட்களைச் சாய்க்கிறது என்று கண்டு, மருந்தோடு மாமைட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த இயக்கத்தின் இளைஞர்கள் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்கள். நோய்க்குக் காரணம் தேடிப் போனவர்கள் காணியிலும் கூலியிலும் ஆட்சியிலும் போய் நின்றது தற்செயல் அல்ல.

விதி என்ற சொல்லை யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் தன்மை மாறுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சொன்னால் அது ஆறுதல். தன்னையே பழிசொல்லி அழியாமல் அது அவளைக் காக்கிறது. அதை அவளிடமிருந்து பிடுங்க ஆய்வுகூடத்துக்கு உரிமை இல்லை. சம்பளம் கொடுப்பவரோ மருந்து கொடுக்க வேண்டியவரோ அதே சொல்லைச் சொன்னால் அது கடமை தவறுதல். காரணம் தெரியாத காலத்தில் இந்த வேறுபாடு வெளிப்படாமல் இருந்தது. 1931-க்குப் பிறகு போலேற்றுச் சோகையில் இறந்த ஒவ்வொரு தாயின் விஷயத்திலும் அது வெளிப்படையானது.

இந்த அறிவுக்கு உடம்பு கொடுத்தவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவ நூல்களில் வில்ஸின் பெயர் இருக்கிறது; பம்பாயில் மாமைட் சாப்பிட்டுத் தேறிய பெண்களின் பெயர் இல்லை. ஆய்வுக்கு நோயாளியின் எழுத்துமூலச் சம்மதம் கேட்கும் வழக்கம் அந்தக் காலத்தில் ஏற்பட்டிருக்கவில்லை. அந்தப் பெண்களுக்கு உலகம் பட்ட கடனைத் திருப்ப ஒரு வழிதான் உண்டு: அவர்களைப் போன்ற பெண்களுக்கு அந்த மருந்து முதலில் போய்ச் சேர வேண்டும்.

வில்ஸ் 1964 ஏப்ரல் 16-ல் இறந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அவர் தேடிய சத்தின் மிகப்பெரிய பயன் பின்னால்தான் தெரிந்தது. 1991-ல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கவுன்சிலின் சோதனை, முள்ளந்தண்டு மூடாத குழந்தையை முன்பு பெற்ற தாய்மார் கருத்தரிக்குமுன் போலிக் அமிலம் எடுத்தால் அந்தக் குறை திரும்ப வருவது 72 வீதம் குறைகிறது என்று காட்டியது. அப்படிப் பிறக்கும் குழந்தையை முற்பிறவி வினைக்குச் சான்றாகக் காட்டியதுண்டு. முள்ளந்தண்டு உருவாகும் இடத்தில் உள்ள நரம்புக் குழாய் கருவின் நான்காவது வாரத்துக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே அப்போது தெரியாது. கிளினிக் அட்டை கிடைத்தபின் தொடங்கும் மாத்திரை இந்தக் குறையைத் தடுக்கப் பிந்திவிடுகிறது. இதனால்தான் இலங்கையில் புதுமணத் தம்பதியரைப் பதிந்து மணமகளுக்கு அப்போதே போலிக் அமிலம் கொடுக்கும் முறை வந்தது. ஒரு குழந்தையின் நரம்புக் குழாய் தாய் அறியுமுன்னரே மூடிவிடுவதால், அந்த மாத்திரையை லயத்து வாசல்வரை கொண்டுசேர்க்கும் பொறுப்பு தாய்க்கு முன்பே குடும்பநல உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் அரசுக்கும் வந்துவிடுகிறது.