குடமும் சுவரும்

வில்லுப்பாட்டு கேட்கப் போகிறவர்கள் யாரும் குடம் அடிக்கிறவரைப் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் முன்னால் உட்கார்ந்து வீசுகோல் வீசும் புலவர் மேல்தான். வில்லில் கட்டிய மணிகள் கலகலக்கும். உடுக்கை பேசும். பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார். இத்தனைக்கும் அடியில், தரையோடு தரையாக ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். 'தும்... தும்...' அதுதான் குடம். வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடத்தின் வாயில், பட்டையான ஒரு மட்டையால் அடிக்க அடிக்க, உள்ளே இருக்கும் காற்று அதிர்ந்து எழுப்புகிற சத்தம். அது நின்றால் பாட்டு காலில்லாமல் அந்தரத்தில் தொங்கும்.

அந்தக் குடம் இப்போது காரின் டிக்கிக்குள் ஏறிவிட்டது. பெயர் சப்-வூஃபர்.

சொந்தத்தில் ஒரு பையன். வீடு பூதப்பாண்டியில், வேலை நாகர்கோவிலில். பழைய சின்ன கார் ஒன்று வாங்கியிருக்கிறான். முன்பு வைத்திருந்தவர் டிக்கியில் ஒரு மரப்பெட்டி செய்து, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் அடைத்து, பத்து இஞ்ச் வூஃபர் மாட்டியிருந்தார். அதன் காயில் கருகிவிட்டது. கடையில் விசாரித்தால், "பத்தெல்லாம் இப்பம் யாரு போடுகா? பன்னெண்டு போடுங்க, ஆயிரத்து எரநூறு வாட்ஸ். ஓட்டைய மட்டும் கொஞ்சம் பெருசாக்கிக்கிடலாம்" என்றார்களாம். ரேடியோவைக் கழற்றி மாட்டுகிற பழக்கம் எனக்கு உண்டு என்று யாரோ சொல்லி என்னிடம் வந்தான்.

"மாமா, பெட்டி சின்னது. எது போடலாம்?"

"பெட்டிய அளந்தியாடே?"

"அளந்தேன் மாமா. நாப்பது, முப்பத்தஞ்சு, இருவத்தஞ்சு சென்டிமீட்டர். முப்பத்தஞ்சு லிட்டர் வருகு."

வெளிப்பக்கம் அளந்திருக்கிறான். பலகையின் கனம் 18 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் கழித்தால் உள்ளே 24 லிட்டர் சொச்சம்தான். வூஃபரின் காந்தமும் சட்டமும் அடைத்துக்கொள்ளும் இடம் ஒரு இரண்டு லிட்டர் என்று வையுங்கள். மிச்சம் 22. முப்பத்தைந்து எங்கே, இருபத்திரண்டு எங்கே! சட்டியை வெளியே அளந்துவிட்டு இவ்வளவு குழம்பு கொள்ளும் என்று சொன்ன கதை.

அடைத்த பெட்டியில் காற்றுதான் ஸ்பிரிங். வூஃபரின் கூம்பு உள்ளே போனால் காற்று நெருக்கப்பட்டு வெளியே தள்ளும். வெளியே வந்தால் உள்ளே இழுக்கும். இதைக் கடைக்குக் கொண்டுவந்தவர் எட்கர் வில்ச்சர் என்கிற அமெரிக்கர். 1954ல் ஹென்றி குளோஸ் என்பவருடன் சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் என்று ஒரு கம்பெனி தொடங்கினார். அதுவரை நல்ல தாழ்ந்த ஒலி வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். வில்ச்சர் அதைப் புத்தக அலமாரியில் வைக்கிற அளவுக்குக் கொண்டுவந்தார். பிறகு ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961லும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் இதற்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். இன்றைக்கும் நல்ல வூஃபர் வாங்கினால் கூட வரும் தாளில் அந்த எண்கள் இருக்கும். எஃப்.எஸ்., க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்று மூன்றைப் பார்த்தால் போதும்.

கணக்கு ஒன்றும் பயப்படுகிற மாதிரி இல்லை. வி.ஏ.எஸ். என்பது லிட்டரில் இருக்கும். அதைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, க்யூ.டி.எஸ்.ஸால் பெருக்க வேண்டும். விடை 0.7 பக்கம் வந்தால் சத்தம் ஒழுங்காக, அளவாக இருக்கும். ஒன்றுக்குப் பக்கம் வந்தால் கொஞ்சம் உடம்பு போட்ட சத்தம். பலருக்கு அதுதான் பிடிக்கும். 1.2ஐத் தாண்டினால் எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'பொம் பொம்'. இளையராஜாவின் பேஸ் கிட்டார் என்ன சுரம் வாசிக்கிறது என்பதே தெரியாது.

பத்து இஞ்சில் ஒரு வூஃபர், க்யூ.டி.எஸ். 0.45, வி.ஏ.எஸ். 30 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 22 லிட்டர் பெட்டியில் விடை 0.69. கச்சிதம். அதே பெட்டியில் க்யூ.டி.எஸ். 0.6, வி.ஏ.எஸ். 80 உள்ள பன்னிரண்டு இஞ்சைத் திணித்தால் 1.29. ஓட்டையைப் பெரிதாக்கினால் வூஃபர் உள்ளே போகும்தான். காற்று பெரிதாகாதே!

இதில் இரும்பு விதி என்று ஒன்று சொல்வார்கள். ஹாஃப்மன் என்பவர் பெயரால் வழங்குவது. பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், தாழ்ந்த ஒலி ஆழமாக வர வேண்டும், கொஞ்ச மின்சாரத்தில் பெரிய சத்தம் வர வேண்டும். மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். மூன்றும் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பர்ஸைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்து இருநூறு வாட்ஸ் விஷயமும் அப்படித்தான். அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் கண நேர உச்சம். ஆர்.எம்.எஸ். என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பதுதான் தொடர்ந்து தாங்குகிற அளவு. சரி, உண்மையிலேயே 300 வாட்ஸ் 1,200 ஆனாலும் கூடுவது 6 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். நாலு மடங்கு மின்சாரம் கொடுத்தும் இரண்டு மடங்கு சத்தம் இல்லை.

இன்னொரு பக்கம், சின்ன காரே ஒரு உபகாரம் செய்கிறது. அடைத்த பெட்டி ஒரு எல்லைக்குக் கீழே, அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் 12 டெசிபல் இழக்கும். கண்ணாடி ஏற்றிய காரின் உள்காற்று அதில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். மொட்டைமாடியில் சோனியாகக் கேட்கிற பெட்டி காருக்குள் நிறைந்து கேட்பது இதனால்தான். ஆகவே 22 லிட்டருக்குப் பொருந்துகிற பத்து இஞ்ச் போதும், ஆணியடித்த மாதிரி போதும் என்றேன்.

பையன் தலையைச் சொறிந்தான். "அது செரி மாமா. வெளிய கேக்குமா?"

"உள்ள இருக்கது நீ. வெளிய எதுக்குடே கேக்கணும்?"

"கேக்காட்டி பொறவு எதுக்கு மாமா?"

இதற்கு தீல், ஸ்மால் இருவரிடமும் கணக்கு இல்லை.

நாம் அவனைத் திட்டிவிடலாம். 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று ஆரம்பிக்க எத்தனை நேரம் ஆகும்? ஆனால் அவன் பக்கத்து வழக்கையும் கேட்க வேண்டும். அவன் பிறந்த மண் சத்தத்துக்குப் புதுசா என்ன? மேடையில் முழங்கிய தோழர் ஜீவானந்தம் 1907ல் பிறந்தது இதே பூதப்பாண்டியில்தான். தை மாதம் பூதலிங்க சுவாமி கோயில் தேர் ஓடும்போது மேளமும் குரவையும் வெடியும் எவ்வளவு! முத்தாரம்மன் கொடை என்றால் குழாய் ஒலிபெருக்கி தென்னை உச்சியில் ஏறிவிடும். இத்தனையையும் பொறுக்கிற ஊர் அவனுடைய பத்து இஞ்சை மட்டும் ஏன் பொறுக்கக் கூடாது?

நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றுகிற பதில் இது. ஜீவா பேசினால் பேசுகிறவர் முகம் தெரியும். பிடிக்காதவன் எழுந்து போகலாம், எதிர்க் கேள்வி கேட்கலாம். கொடைக்கு நாள் குறித்திருக்கிறது. ஊரே வரி கொடுத்து நடத்துகிறது. வீட்டில் நோயாளி இருந்தால் விழாக்காரர்களிடம் போய்ச் சொல்ல ஒரு முகவரி உண்டு. (சொன்னால் கேட்கிறார்களா என்பது வேறு. கொடை ஒலிபெருக்கிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.) ஓடுகிற காருக்கு இது எதுவும் கிடையாது. யார் வீட்டுச் சுவரைத் தட்டினோம் என்று தட்டியவனுக்குத் தெரியாது. தட்டியது யார் என்று சுவருக்கு உள்ளே இருப்பவருக்கும் தெரியாது.

சுவரைத் தட்டுவது என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். கார் மூன்றரை மீட்டர். சுவருக்குக் கனத்தைக் கொண்டுதான் ஒலியைத் தடுக்க முடியும். அதிர்வெண் பாதியானால் அந்தத் தடுப்பிலும் ஏறத்தாழ 6 டெசிபல் குறைந்துவிடும். பாடகர் குரல், வயலின், புல்லாங்குழல் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். உள்ளே வருவது தும் தும் மட்டும். அதாவது பாட்டை அவன் வைத்துக்கொண்டு, சக்கையை அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறான். உள்ளே மாத்திரை போட்டு இப்போதுதான் கண்ணயர்ந்த ஒரு கிழவி இருக்கலாம். இரவு வேலை முடிந்து பகலில் தூங்கும் நர்ஸ் இருக்கலாம். அவர்களுக்கு அது என்ன பாட்டு என்பதுகூடத் தெரியாது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அது வந்த வழியைப் படித்தால் மனசு கனத்துப் போகும். 13 வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்முறைக்கு ஆளானாள். அவள் கதறியது அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு. அன்று மாலையே அவள் தீ வைத்துக்கொண்டு இறந்துபோனாள். இதைப் பத்திரிகையில் படித்துவிட்டு ஒரு பொறியாளர் 1998ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2005 ஜூலை 18ல் நீதிபதி லகோட்டியும் நீதிபதி அசோக் பானும் தீர்ப்பு சொன்னார்கள். பேச உனக்கு உரிமை உண்டு. அடுத்தவர் காதில் அதைத் திணிக்க உரிமை இல்லை, கேட்காமல் இருப்பதும் ஒருவருடைய உரிமைதான் என்பது அதன் சாரம். இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உறுதிப்பட்டது.

2000ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆனால் இங்கே ஒரு சங்கதி இருக்கிறது, அதிகம் பேர் கவனிக்காதது. சட்டம் சொல்கிற டெசிபல், 'ஏ' எடை போட்ட டெசிபல். மனிதக் காது தாழ்ந்த ஒலியைக் குறைவாகக் கேட்கும் என்பதால், மீட்டரும் அதைக் குறைத்தே கணக்கில் எடுக்கும். எவ்வளவு குறைத்து? 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபல்! ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடுகிற 80 டெசிபல், மீட்டரில் 50 என்று சாதுவாக நிற்கும். பகல் நேரமானால் குற்றமே இல்லை.

ஏ எடையிலும் நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டில் கால் வழியாக ஏறி வருகிற அதிர்ச்சியை அது எழுதுவதில்லை. ஆக, சப்-வூஃபர் விஷயத்தில் சட்டத்துக்குக் காது கொஞ்சம் மந்தம். மீட்டருக்குத் தெரியாத துன்பத்துக்கு யார் பொறுப்பு? சட்டம் சும்மா இருக்கிறது என்பதாலேயே அது என் உரிமை ஆகிவிடுமா? ஆகாது என்பது என் கட்சி. சட்டம் பிடிக்க முடியாத இடத்தில் செய்கிறவன் ஒருவனுக்குத்தான் தான் செய்வது தெரியும். அங்கே பாரம் முழுக்க அவன் தலையில்தான்.

வில்ச்சர் பின்னால் என்ன செய்தார் என்று சொல்லவில்லையே. 1967ல் கம்பெனியை விற்றார். பிறகு காது கேட்காதவர்களுக்கான கருவியில் இறங்கினார். சின்னச் சத்தத்தைக் கூட்டி, பெரிய சத்தத்தைக் கூட்டாமல், தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் தனித்தனியாகச் சரிசெய்கிற முறை. 1973ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். யாரும் பயன்படுத்தட்டும் என்று காப்புரிமை வாங்காமல் விட்டார். பின்னால் வந்த காதுக் கருவிகள் பலவற்றுக்கும் அது அஸ்திவாரம். 2011ல், 94 வயதில் காலமானார். சின்னப் பெட்டியில் தும் தும் வரவைத்த அதே ஆள், ஒரு காது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதில் பிற்காலத்தைக் கழித்திருக்கிறார்.

பையன் பத்து இஞ்ச்தான் வாங்கினான். எனக்காக இல்லை, 1.29 அவனை உறுத்தியிருக்க வேண்டும். மாட்டியதும் ஒரு வேலை செய்யச் சொன்னேன். பாட்டை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு, தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் அங்கே இருக்கிற வீட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார். சுவர் பேசினால் ஆம்ப்ளிஃபயரில் அளவைக் குறை. மறுபடி போய்க் கையை வை. நாலு தடவை நடந்தானாம். எதிர்வீட்டு ஆச்சி, "என்னடே மக்கா, செவுரு பாத்துக்கிட்டு நிக்கே, வீடு வெலைக்கா வருகு?" என்று கேட்டிருக்கிறாள்.

பல ஆம்ப்ளிஃபயர்களில் பேஸை மட்டும் தனியாகக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகு, நீளமான ஒயரோடு மாட்டிக்கொள்கிற மாதிரி கிடைக்கும். ஸ்டியரிங் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நெடுஞ்சாலையில் கூட்டிக்கொள்ளலாம், தெருவுக்குள் திரும்பும்போது சுழியில் வைத்துவிடலாம். கடையில் அதை அவர்களாக எடுத்துக் காட்டுவது அபூர்வம். கேட்டு வாங்க வேண்டும்.