மதுக்கூடமும் நம் மனச்சாட்சியும்



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது, மூன்று தாய்மார் என்னை வாசற்படியில் நிறுத்தினார்கள். "சுவாமி, பெரிய ரோட்டில் கட்டிவரும் ஓட்டலில் மதுக்கூடமும் வரப்போகிறதாமே! கோவிலிலிருந்து ஒன்றும் சொல்ல மாட்டீர்களா?" என்று கேட்டார்கள். அன்று மாலையே நம் பங்கைச் சேர்ந்த வேறொருவர் என்னிடம் வந்து, "ஓட்டல் வந்தால் நம் பிள்ளைகள் நாற்பது பேருக்கு வேலை கிடைக்கும். கோவில் இதில் தலையிடலாமா, சுவாமி?" என்றார். இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் சொல்ல நான் கடமைப்பட்டவன்.

முதலாவது, திருச்சபையின் போதனையைத் தெளிவாய் அறிந்துகொள்ளுங்கள். முந்திரிகை இரசம் சர்வேசுரனுடைய சிருஷ்டி. அது தன்னிலே பாவமல்ல. நம் ஆண்டவர் கானாவூர்க் கலியாணத்தில் தண்ணீரை இரசமாக்கினார். இரசமின்றி திவ்விய பலிபூசை இல்லை. அர்ச். சின்னப்பர் தம் சீஷனாகிய திமோத்தேயுஸுக்கு வயிற்று நோவுக்காகக் கொஞ்சம் இரசம் அருந்தச் சொன்னார். அவரே எபேசியருக்கு எழுதும்போது குடிவெறியை விலக்கினார். ஆகையால் பாவம் பாத்திரத்தில் இல்லை. மட்டசனம் என்னும் புண்ணியத்தைக் கைவிடுவதில் இருக்கிறது. சர்வேசுரன் தந்த புத்தியை மனிதன் தானாகவே அறிந்து மனதார இழப்பது கனமான பாவம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவன் பிறருடைய உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குகிறான். அவன் குற்றம் இரட்டிப்பாகிறது.

இரண்டாவது, சட்டத்தின் நிலையை அறியுங்கள். 1937-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு தொடங்கியது. 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் அது தளர்த்தப்பட்டது. 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. ஓட்டலுடன் சேர்ந்த மதுக்கூடத்துக்கு எஃப்.எல்.3 என்ற உரிமம் வேண்டும். அதை அளிப்பது ஊராட்சி மன்றமல்ல; அரசின் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை. ஆகவே, "பிரசிடெண்ட் நினைத்தால் நிறுத்திவிடலாமே" என்று அவரை மட்டும் பழிப்பது நியாயமல்ல.

ஆனால் நம் கையில் ஒன்றுமில்லை என்றும் எண்ண வேண்டாம். நம் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில், நெடுஞ்சாலை ஓரங்களில் மது விற்பனை கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2016-ம் வருஷம் டிசம்பர் 15-ந் தேதி தீர்ப்பளித்தது. 500 மீட்டர் தூரம் வேண்டும்; 20,000 அல்லது அதற்குக் குறைந்த ஜனத்தொகையுள்ள உள்ளாட்சிகளில் 220 மீட்டர் போதும் என்றும், ஓட்டல்களுக்கும் மதுக்கூடங்களுக்கும் இது பொருந்தும் என்றும் 2017 மார்ச் 31-ந் தேதி விளக்கிற்று. பின்பு நகராட்சிப் பகுதிகளுக்கு விலக்குக் கிடைத்தது. எந்த ஊராட்சிப் பகுதி நகரத்தைப் போல வளர்ந்திருக்கிறது என்று தீர்மானிக்கும் பொறுப்பை 2018-ல் மாநில அரசுக்கே நீதிமன்றம் விட்டது. நம் ஊர் அப்படி வளர்ந்த பட்டணமா, அல்லது பிள்ளைகள் அந்த ரோட்டைக் கடந்து பள்ளிக்கூடம் போகும் கிராமமா என்பதை அதிகாரிகளுக்கு எடுத்துச் சொல்ல நம்மைவிடத் தகுந்தவர் யார்?

அக்டோபர் 2-ந் தேதி கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் அங்கத்தினர். வாசற்படியில் என்னை நிறுத்திய தாய்மாரும் அப்படியே. அங்கே போய்க் கூச்சலிட வேண்டாம். எவரையும் இழிவாய்ப் பேச வேண்டாம். "ஓட்டல் வரட்டும், சோறும் பலகாரமும் விற்கட்டும், வேலையும் கிடைக்கட்டும். மதுக்கூடம் வேண்டாம்" என்று மரியாதையாய்ச் சொல்லி, அதைத் தீர்மானமாக எழுதி வாங்கி, கலெக்டருக்கு அனுப்புங்கள். அந்தத் தீர்மானமே கடைசி வார்த்தை ஆகிவிடாது. ஆனாலும் எழுதப்படாத குறையை எந்த அதிகாரியும் படிக்க முடியாது.

வேலையைப் பற்றிக் கேட்ட அன்பருக்கும் இதுவே என் பதில். நாற்பது சம்பளம் ஊருக்குள் வருவது மெய்தான். எத்தனை வீட்டுச் சம்பளம் அதே வாசலுக்குள் போய்த் திரும்பாமலிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? தன் அயலானைக் குடிக்கச் செய்து வெறிகொள்ளப் பண்ணுகிறவனுக்கு ஐயோ கேடு என்ற கருத்தை அபக்கூக்கு தீர்க்கதரிசி எழுதிவைத்தார். கட்டடத்தை வாடகைக்கு விடுகிறவரும் அந்த ஆகமத்தை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, நம்மையே பார்த்துக்கொள்வோம். ஓட்டல்காரரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் நல்லவர்களாகிவிட முடியாது. கொடியேற்றம் முதல் தேர்த்திருநாள் வரை நம் கோவில் மதிலோரம் விழுந்துகிடப்பவர்கள் யார்? ஞானஸ்நான விருந்திலும் கலியாண வீட்டிலும் பின்கட்டில் தனி அறை ஒதுக்குகிறவர்கள் யார்? இழவு வீட்டில்கூடப் புட்டி இல்லாமல் குழி வெட்ட ஆள் வராது என்கிறோமே! அங்கே எந்த உரிமமும் கேட்கப்படவில்லை. அதைக் கொடுத்தவர்கள் நாமே. ரோட்டிலிருந்து 220 மீட்டரைச் சட்டம் அளக்கும். நம் சோற்றுப் பானைக்கும் புட்டிக்கும் உள்ள தூரத்தை நாம்தான் அளக்க வேண்டும்.

அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரில் மத்தேயு டால்பட் என்ற கூலியாள் இருந்தார். பன்னிரண்டு வயதில் மதுக்கடையில் வேலைக்குப் போய்க் குடியனானார். குருடன் ஒருவனுடைய பிடிலைக்கூடத் திருடிக் குடித்ததாய்ச் சொல்லப்படுகிறது. 1884-ல், கையில் காசில்லாமல் மதுக்கடை வாசலில் நின்றார். தன்னோடு குடித்த சிநேகிதர் ஒருவராவது அவரை உள்ளே அழைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி, குருவானவரிடம் போய் மூன்று மாதத்துக்கு மட்டும் வார்த்தைப்பாடு கொடுத்தார். அந்த மூன்று மாதம் நாற்பது வருஷமாயிற்று. 1925 ஜூன் 7-ந் தேதி, பூசைக்குப் போகும் வழியிலேயே உயிர்விட்டார். 1975-ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

குடியை விட முடியாமல் தவிக்கும் சகோதரனே, உன்னை வெட்கப்படுத்த இதை எழுதவில்லை. உன் நிலை பாவத்தோடு வியாதியுமாகும். பாவசங்கீர்த்தனத்துக்கு வா, வைத்தியரிடமும் போ. நெடுநாளாய் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புக் காணக்கூடும். ஆகையால் வீட்டார் அவரைக் கட்டாயப்படுத்திப் பூட்டிவைக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மூன்று மாதம் பெரிதாய்த் தோன்றினால் இன்று ஒரு நாள் மட்டும் வார்த்தைப்பாடு கொடு. நாளைக்கு மறுபடி வா. அறைவீட்டுக் கதவு திறந்திருக்கும்.

கானாவூரில் குறையை முதலில் கண்டவள் தேவமாதா. நம் வீடுகளின் குறையையும் அவள் தன் திருக்குமாரனுக்கு அறிவிக்கும்படி, கிராம சபை கூடும் நாள்வரை ஒவ்வொரு வீட்டிலும் செபமாலையில் ஒரு பத்து மணியை இந்தக் கருத்துக்காக ஒப்புக்கொடுப்போமாக.

சேசுநாதர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்கு சுவாமியார்