யாருடைய சிலிண்டரில்?

வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்ட மறுநாள் ஞாபகமிருக்கிறதா? 2016 டிசம்பர் 13. எங்கள் தெருவில் கரன்ட் இல்லை, போன் இல்லை. விழுந்து கிடந்த மரங்களை அறுக்கிற செயின் சா சத்தம் மட்டும்தான். ஒருவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க ஒரு அடிமரத்தைக் கூறு போட்டுக்கொண்டிருந்தார். பால்கனியில் சும்மா நின்ற எனக்கு, 'இன்னும் கொஞ்சம் வேகமா அறுக்கக்கூடாதா?' என்றுதான் தோன்றியது.

அந்த 'இன்னும் கொஞ்சம் வேகம்' ஒரு பையனை என்ன பாடு படுத்தியது என்பதைச் சமீபத்தில் கோவையில் பார்த்தேன்.

பையன் என் நண்பரின் மகன். டிப்ளமோ முடித்துவிட்டு, செயின் சா ரிப்பேர் பண்ணும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறான். அவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு: போர்ட் வேலை. ஒரு காலத்தில் நம் இளவட்டங்கள் ஆர்எக்ஸ் 100 பைக்கின் சிலிண்டரைக் கழற்றிக் கொடுத்து 'ஏத்தி'க்கொண்டு வருவார்களே, அதே வித்தைதான்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் புகை வெளியே போக வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரிலேயே ஜன்னல்கள் இருக்கும். ஏறி இறங்குகிற பிஸ்டன்தான் அவற்றுக்குக் கதவு. நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 5 மில்லி செகண்ட். அதற்குள் பழைய புகை வெளியேறி, புதுக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வந்தாக வேண்டும். புகை போகும் ஜன்னலின் மேல் விளிம்பை அரை மில்லிமீட்டர் அரைத்து உயர்த்தினால், அது சுமார் இரண்டு டிகிரி முன்னாலேயே திறக்கும். அதிவேகத்தில் இன்ஜின் தாராளமாக மூச்சு விடும். சும்மா இல்லை, குறைந்த வேகத்தில் இழுவை போய்விடும். ஜன்னலை அளவுக்கு மீறி அகலமாக்கினாலோ, பிஸ்டன் ரிங் அதற்குள் பிதுங்கி, விளிம்பில் மாட்டி உடையும்.

இந்தக் கணக்கெல்லாம் ரகசியம் இல்லை. அமெரிக்கரான கார்டன் ஜென்னிங்ஸ் 1973-லேயே புத்தகம் போட்டுவிட்டார். புத்தகத்தால் தர முடியாதது கை. குழம்பில் உப்பு கூடினால் உருளைக்கிழங்கைப் போடலாம். சட்டையைத் தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். அரைத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. இதில் கழித்தல் மட்டும்தான், கூட்டல் கிடையாது.

பையன் முதலில் காயலான் கடை சிலிண்டர்களில் பழகினான். ஆனால் செத்த சிலிண்டர் ஓடிக் காட்டாது. தான் செய்தது சரியா, தப்பா என்று அது சொல்லவே சொல்லாது. ஒருநாள் மரம் வெட்டும் தொழிலாளி ஒருவர், ரிங் மாற்றச் சொல்லித் தன் மெஷினை விட்டுவிட்டுப் போனார். முதலாளி ஊரில் இல்லை. ரிங்கை மாற்றியவன், அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஜன்னலையும் கொஞ்சம் அரைத்துவிட்டான்.

"நல்லதுதானுங்க மாமா செஞ்சேன். காசுகூட வாங்கலை" என்றான் என்னிடம்.

மெஷின் பறந்தது. அவர் போன் பண்ணிப் பாராட்டினார். மூன்று வாரம் கழித்து, செத்த மெஷினோடு வந்து நின்றார். ரிங் உடைந்து, சிலிண்டரின் உள்பூச்சு முழுக்கக் கீறல். "என் நேரம் தம்பி. பழைய மெஷின்தானே" என்று தன்னைத்தானே நொந்துகொண்டாராம். நான்கு நாள் கூலி ஏற்கெனவே போயிருந்தது.

"சொல்லிடட்டுமாங்க மாமா?" என்று கேட்டான்.

உண்மையைச் சொல்கிறேன். 'விடு, சொல்லாதே' என்றுதான் எனக்கு முதலில் வாயில் வந்தது. அவருக்கே சந்தேகம் இல்லை. மெஷினும் பழசு. இவன் கெட்ட எண்ணத்தில் செய்யவும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. பையனின் படிப்புக்கு அந்த மனிதர் ஃபீஸ் கட்டியிருக்கிறார், தான் கட்டுகிறோம் என்றே தெரியாமல்.

யோசித்துப் பாருங்கள். எந்த வித்தையும் கடைசியில் இன்னொருவர் பொருளிலோ உடம்பிலோதான் படியும். டாக்டரின் முதல் தையல் யாரோ ஒருவர் தோலில். வக்கீலின் முதல் கேஸ் யாரோ ஒருவர் வாழ்க்கை. அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் யார்? காசு உள்ளவர் அனுபவசாலியைத் தேடிப் போய்விடுகிறார். புதுக் கைக்கு அகப்படுகிறவர், கேள்வி கேட்கத் தெரியாதவர். நாம் மெச்சுகிற ஒவ்வொரு 'கைராசி'க்குப் பின்னாலும், பேர் தெரியாத சிலருடைய நஷ்டம் இருக்கிறது.

அதற்காகக் கற்காமல் இருக்க முடியுமா? முடியாது. அப்போது நாளைக்கு டாக்டரே இருக்க மாட்டார்.

இந்த இன்ஜினின் சரித்திரத்திலேயே ஒரு பதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. கிழக்கு ஜெர்மனியின் ட்சோபாவ் ஊரில், எம்இசட் கம்பெனியில், வால்டர் காடன் என்று ஓர் இன்ஜினீயர் இருந்தார். 1961 வாக்கில், வெறும் 125 சிசி இன்ஜினிலிருந்து சுமார் 25 குதிரைசக்தி எடுத்துக் காட்டியவர். அந்தக் கால டூ ஸ்ட்ரோக் ரேஸ் வண்டிகள் ஓடும்போதே திடீரென்று இறுகிக்கொள்ளும். அதனால் ஓட்டுகிறவரின் விரல்கள் எப்போதும் க்ளட்ச் லீவர் மேலேயே தயாராக இருக்கும். பரிசோதனைதான், ஆபத்தும்தான். ஆனால் வண்டியில் ஏறியவருக்கு அது தெரியும். தெரிந்ததால் விரலை வைத்திருந்தார். நம் மரம் வெட்டுகிறவருக்குத் தெரியாது. அவர் கைக்கு எந்த லீவரையும் நாம் தரவில்லை.

வித்தியாசம் அவ்வளவுதான். கார் பழகுகிறவர் வண்டியில் வெள்ளைப் பலகையில் சிவப்பாக 'எல்' போட வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறோம். 'நான் கத்துக்குட்டி, கொஞ்சம் தள்ளிப் போங்க' என்கிற எச்சரிக்கை. மற்ற தொழில்களில்தான் அந்தப் பலகையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்கிறோம். சொன்னால் வேலையே தரமாட்டார்களே என்று பயம். நியாயமான பயம்தான். ஆனால் மறுக்கிற உரிமை அவருடையது. அதை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்வதற்குப் பெயர் பயிற்சி இல்லை.

"போய்ச் சொல்லு" என்றேன்.

சொன்னான். அவர் திட்டினார், நன்றாகவே திட்டினார். புது சிலிண்டர், பிஸ்டன் செலவு இவன் சம்பளத்தில் மாதா மாதம் பிடித்தமாகிறது. நான்கு நாள் கூலியைக் கையில் கொடுத்தபோது அவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாராம். மன்னித்தாரா என்று கேட்டேன். "தெரியலைங்க மாமா. ஆனா மெஷினை இப்பவும் எங்க கடைக்குத்தான் கொண்டாறார். கழட்டும்போது மட்டும் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கறார்" என்றான்.

உட்காரட்டும்.