பார்ப்பதும் இம்சையோ?

கண்ணால் காண்பதனால் எவ்வுயிர்க்கும் தீங்கில்லை என்று நெடுநாள் நம்பியிருந்தேன். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அதுவே. பூவைப் பறிக்காமல் செடியிலேயே காட்டுங்கள். பறவையைக் கூண்டில் அடைக்காமல் மரத்தில் காட்டுங்கள். ஓய்வு பெறும் வரை மாணவர்க்கு அவ்வாறே கூறியும் வந்தேன். சென்ற சித்திரையில் பேத்தியுடனும் அவள் நண்பர்களுடனும் வால்பாறைக்குச் சென்று வந்த பின், அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிறது.

ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் தேயிலைத் தோட்டங்கள். அவற்றினிடையே தீவுகள்போல் மழைக்காடுகள் எஞ்சி நிற்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையன்றி வேறெங்கும் காட்டில் வாழாத சோலைமந்தியை முதல் நாளே கண்டோம். கரிய முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. வால் நுனியில் சிறு குஞ்சம். மரத்தை விட்டு இறங்க விரும்பாத இவ்விலங்கு, புதுத்தோட்டத்தில் சாலையோரமே வந்து அமர்கிறது. வண்டிகளிலிருந்து நீளும் பிஸ்கட்டும் பழமும் அதற்கொரு காரணம். சாலையில் அடிபட்டு இறப்பதைத் தடுக்க, மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். கொண்டு சென்ற வாழைப்பழத்தை நான் வெளியே எடுக்கவில்லை.

மறுநாள் வழிகாட்டியுடன் காட்டுக்குள் நடந்தோம். முன்னிரவு கோடை மழை பெய்திருந்ததால் அட்டைகள் ஏராளம். இளைஞர் ஒருவர் எல்லார்க்கும் உப்புப் பொட்டலம் கொடுத்தார். அட்டை ஈரறிவுயிர், உப்புப் பட்டால் துடித்துச் சாகும். என் காலில் ஏறியதை நகத்தால் மெல்ல நெம்பி இலைமேல் விட்டேன். பெருமைப்பட ஏதுமில்லை, அண்ணாந்து நடந்தபோது எத்தனை மிதிபட்டனவோ! நம் முனிவர்கள் நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கியே அடி வைப்பர். பறவை காணச் செல்பவரோ மர உச்சியை நோக்கியே நடக்கிறார். இரண்டும் ஒருவர்க்கு ஒருசேர வாய்ப்பதில்லை.

உயர்ந்ததொரு மரத்தில் இருவாச்சியின் பொந்து இருந்தது. பெட்டை அதனுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். அலகு நீளுமளவு பிளவு மட்டும் எஞ்சும். மாதக்கணக்கில் அதற்கு உணவு பெரும்பாலும் சேவல் கொணரும் அத்திப்பழங்களே. ரயில் எஞ்சின் வருவதுபோல் சிறகோசை கேட்டது. தொண்டை புடைக்க வந்த சேவல் எங்களைக் கண்டதும் தொலைவிலுள்ள கிளையில் அமர்ந்துவிட்டது.

நகர்ந்துவிடலாம் என்று வழிகாட்டி மெல்லச் சொன்னார். படக்கருவி வைத்திருந்தவர் இன்னும் ஐந்து நிமிடம் என்றார். வயதில் மூத்தவள் நான். ஒரு சொல் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். சொல்லவில்லை. அது ஊட்டுவதைக் காண எனக்கும் ஆசை. இருபது நிமிடம் கழித்து, ஊட்டாமலே பறந்து சென்றது.

கவனமின்மையே இம்சையின் வேர் என்று படித்தவள்தான். ஆனால் அன்று நான் கவனமின்றி நிற்கவில்லையே! உள்ளே பசித்திருக்கும் தாயையும் குஞ்சையும் அறிந்துகொண்டே நின்றேன். கையில் கல்லில்லை, வலையில்லை. ஆசை மட்டுமே இருந்தது.

காணாதவர்கள் எப்படிக் காப்பார்கள், பாலம் கட்டியவர்களும் பார்த்துப் பார்த்துத்தானே கட்டினார்கள் என்று பேத்தி வாதிடுகிறாள். அதை என்னால் மறுக்க இயலவில்லை. எனினும் அவர்கள் பார்த்த பார்வையும் நான் பார்த்ததும் ஒன்றா என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டும் அழைக்கிறாள். பொந்துள்ள மரத்தின் பக்கம் போவதில்லையென்றால் வருகிறேன் என்றிருக்கிறேன். உப்பும் வேண்டாம், முழங்கால் வரை இறுகக் கட்டும் காலுறை கிடைக்கிறதாம், அதை வாங்கச் சொல்லியிருக்கிறேன்.